கையெழுத்துக்கு முன் ஒரு கேள்வி

(வட்டார வள மையத்தில் நடைபெற்ற ஆசிரியர் கலந்துரையாடலில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



குடிமையியல் பாடத்தை எப்படி நடத்துகிறோம் என்பது பற்றி அனுபவப் பகிர்வாகப் பேசச் சொன்னார்கள். நான் அரசு உயர்நிலைப் பள்ளியில் சமூக அறிவியல் ஆசிரியை. பதினெட்டு ஆண்டுகளாக இந்தப் பாடத்தை நடத்துகிறேன். இன்று நான் பேசப்போவது ஓர் அமெரிக்க நகரத்தில் மக்கள் நலனுக்காக அமைத்த ஆலோசனைக் குழுவைப் பற்றி. ‘நமக்கும் அதற்கும் என்ன தொடர்பு?’ என்று உங்களுக்குத் தோன்றலாம். அந்தக் குழுவைப் பாடமாக நடத்தப் போய்த்தான் நான் என் மாணவிகள் முன்னால் தலைகுனிந்து நிற்க நேர்ந்தது. அந்தக் கதையையும் சேர்த்தே சொல்கிறேன்.

ஆறாம் வகுப்பில் உள்ளாட்சி பற்றிய பாடம் நடந்துகொண்டிருந்தது. வார்டு, உறுப்பினர், தலைவர், மேயர், பதவிக்காலம் ஐந்து ஆண்டுகள் என்று கரும்பலகையில் எழுதிப்போட்டேன். ஒரு மாணவி எழுந்து, “டீச்சர், ஓட்டுப் போட்டு முடிச்ச பிறகு நாம ஏதாவது சொல்லணும்னா அஞ்சு வருஷம் காத்திருக்கணுமா?” என்று கேட்டாள். கிராம சபை இருக்கிறது, மனு கொடுக்கலாம் என்று பதில் சொன்னேன். அவள் உட்கார்ந்துவிட்டாள். எனக்குத்தான் அந்தப் பதிலில் நிறைவு இல்லை. தேர்தலுக்கும் தேர்தலுக்கும் இடையில் மக்களின் பேச்சைக் கேட்க மற்ற இடங்களில் என்ன ஏற்பாடு வைத்திருக்கிறார்கள் என்று தேடிப் படித்தேன். அப்படிக் கிடைத்ததுதான் கலிஃபோர்னியா மாநிலத்தில் உள்ள பெர்க்லி நகரத்தின் ஏற்பாடு.

முதலில் பின்னணியைச் சொல்லிவிடுகிறேன். 1964ஆம் ஆண்டு அமெரிக்காவில் குடியரசுத் தலைவர் லிண்டன் ஜான்சன் ‘வறுமைக்கு எதிரான போர்’ என்று ஒரு திட்டத்தை அறிவித்தார். அதற்காக இயற்றப்பட்ட பொருளாதார வாய்ப்புச் சட்டத்தில் ஒரு நிபந்தனை இருந்தது. எந்த மக்களுக்காகத் திட்டம் தீட்டப்படுகிறதோ, அந்த மக்கள் இயன்ற அளவுக்கு முழுமையாக அதில் பங்கேற்க வேண்டும் என்பதே அது. நல்ல வாசகம்தான். ஆனால் ‘இயன்ற அளவு’ என்பது எவ்வளவு? அதை யார் அளப்பது? பல நகர மேயர்களுக்கு இந்த வாசகமே பிடிக்கவில்லை. தங்களைத் தாண்டி மக்களின் கைக்குப் பணமும் பேச்சும் போவதாக நினைத்தார்கள்.

1967இல் சட்டத்தைத் திருத்தியபோது பொதுவான வாசகத்தோடு நிற்காமல் நாற்காலிகளின் எண்ணிக்கையையே வகுத்தார்கள். இந்தத் திட்டத்தை நடத்தும் குழுவில் மூன்றில் ஒரு பங்கு மக்களால் தேர்ந்தெடுக்கப்பட்ட அரசுப் பிரதிநிதிகள் அல்லது அவர்கள் சார்பில் வருபவர்கள். குறைந்தது மூன்றில் ஒரு பங்கு ஏழை மக்களின் பிரதிநிதிகள். மீதி இடங்களுக்கு வணிகர், தொழிற்சங்கத்தினர், சமய அமைப்பினர், கல்வித் துறையினர் போன்றோர். ஏழை மக்களின் பிரதிநிதிகள் எப்படி வர வேண்டும் என்பதிலும் தெளிவு உண்டு. அதிகாரி பார்த்து நியமிக்கக் கூடாது. அந்த மக்கள் ஜனநாயக முறையில் தேர்ந்தெடுக்க வேண்டும்.

பெர்க்லி நகரம் இதை எப்படி நடைமுறைப்படுத்தியது என்று பார்ப்போம். சான்ஃபிரான்சிஸ்கோவுக்கு எதிரே, விரிகுடாவின் மறுகரையில் உள்ள ஊர் அது. மக்கள்தொகை ஏறத்தாழ 1.2 லட்சம். நம் ஊர்க் கணக்கில் ஒரு நடுத்தர நகராட்சி. மேயரும் எட்டு வார்டு உறுப்பினர்களும் சேர்ந்து ஒன்பது பேர் நகர மன்றம். அந்த மன்றத்துக்கு ஆலோசனை சொல்ல ‘மனித நலன் மற்றும் சமூகச் செயல்பாட்டு ஆணையம்’ என்ற குழு ஏற்படுத்தப்பட்டது. உறுப்பினர்கள் 15 பேர். நகர மன்றத்தின் ஒன்பது பேரும் ஆளுக்கு ஒருவரை நியமிக்க, ஒன்பது இடங்கள் நிரம்பும். மீதி ஆறு பேர் ஏழை மக்களின் பிரதிநிதிகளாகத் தேர்ந்தெடுக்கப்பட்டு வர வேண்டும். சட்டம் கேட்டது குறைந்தது ஐந்து. இவர்கள் ஒன்று கூட்டி ஆறு வைத்தார்கள்.

‘ஆணையம்’ என்ற சொல்லுக்குள் ஆணை இருக்கிறது. ஆனால் இந்த ஆணையம் யாருக்கும் ஆணையிட முடியாது. ஒரு டாலரைக்கூடத் தானாகச் செலவிட முடியாது. பரிந்துரைதான் செய்யலாம், முடிவு நகர மன்றத்தின் கையில். அப்படியானால் இதில் என்ன பயன் என்று கேட்கத் தோன்றுகிறது அல்லவா? ஆணையிட முடியாத ஒரு குழுவின் பேச்சு சபையில் ஏற வேண்டுமானால் அதை எப்படிக் கட்டி அமைக்க வேண்டும் என்பதுதான் நமக்குப் பாடம். மூன்று செய்திகளை மட்டும் சொல்கிறேன்.

முதலாவது, கூட்டம் நடத்தும் முறை. கலிஃபோர்னியாவில் 1953இல் பிரவுன் சட்டம் என்று ஒன்று வந்தது. உள்ளாட்சியின் மன்றங்களும் இதுபோன்ற ஆலோசனைக் குழுக்களும் கதவைத் திறந்துவைத்துப் பேச வேண்டும் என்று சொல்லும் சட்டம். வழக்கமான கூட்டத்துக்கு 72 மணி நேரம் முன்பே கூட்டப் பொருளைப் பொது இடத்தில் ஒட்டிவிட வேண்டும். அதில் இல்லாத விஷயத்தில், சில விதிவிலக்குகள் தவிர, அன்று முடிவெடுக்கக் கூடாது. பெரும்பான்மை உறுப்பினர்கள் வெளியே தனியாகக் கூடிப் பேசி முடித்துவிட்டு உள்ளே வந்து கை தூக்கக் கூடாது. வந்திருக்கும் பொதுமக்களுக்குப் பேச வாய்ப்புத் தர வேண்டும். மூன்று நாள் அவகாசம் எதற்கு என்று யோசித்துப் பாருங்கள். என்ன பேசப்போகிறார்கள் என்று தெரிந்தால்தானே ஒருவர் பக்கத்து வீட்டில் நாலு பேரைக் கேட்டுவிட்டு வர முடியும்?

இரண்டாவது, வருகிறவரின் செலவு. உறுப்பினர் பதவிக்குச் சம்பளம் கிடையாது. ஆனால் வருமானம் குறைந்த உறுப்பினர்களுக்குக் கூட்டத்துக்கு இவ்வளவு என்று ஒரு படி கொடுக்க பெர்க்லியில் ஏற்பாடு உண்டு. கைக்குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஆள் வைத்தால் அந்தச் செலவைத் திரும்பப் பெறலாம். மாற்றுத்திறனாளியான உறுப்பினருக்கு உதவியாளர், போக்குவரத்துச் செலவுகளுக்கும் வழி உண்டு. பார்க்கச் சின்ன விஷயம். ஆனால் இது இல்லையென்றால் அந்த ஆறு இடங்களும் தாளில் மட்டும்தான் இருக்கும்.

மூன்றாவது, பணம் வரும் வழியும் அதைப் பகிரும் முறையும். 1974ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்றின்படி மத்திய அரசு நகரங்களுக்குச் சமுதாய மேம்பாட்டு மானியம் தருகிறது. வீட்டு வசதி, தெரு மேம்பாடு போன்றவற்றுக்கான பணம் அது. அதில் உணவு வழங்கல், குழந்தைக் காப்பகம், முதியோர் சேவை போன்ற நேரடிச் சேவைகளுக்குப் பொதுவாக 15 சதவீதத்துக்கு மேல் செலவிட முடியாது. தொகை சிறிது, கேட்டு வரும் தொண்டு நிறுவனங்கள் நிறைய. எனவே நலச் சேவைகளுக்கான ஆலோசனைக் குழுக்கள் வைத்திருக்கும் பல நகரங்களில் விண்ணப்பங்களைப் படித்து, நிறுவனங்களிடம் கேள்வி கேட்டு, யாருக்கு எவ்வளவு என்று பரிந்துரைக்கும் வேலை அந்தக் குழுவிடம் வருகிறது. நகர ஊழியர் ஒருவர் செயலாளராக இருந்து காகிதங்களைத் தயாரிப்பார். அவருக்கு வாக்கு கிடையாது. இந்த மானியம் பெறும் நகரம் ஆண்டுக்குக் குறைந்தது இரண்டு முறை பொதுமக்கள் கருத்துக்கேட்புக் கூட்டமும் நடத்த வேண்டும்.

இதைக் கேட்டதும் அங்கே எல்லாம் சரியாக நடக்கிறது என்ற முடிவுக்கு வந்துவிட வேண்டாம். இந்த ஏற்பாட்டைக் கூர்மையாக விமரிசித்தவரும் அந்த நாட்டுக்காரர்தான். ஷெர்ரி ஆர்ன்ஸ்டீன் என்ற பெண்மணி அந்நாட்டின் வீட்டுவசதித் துறையில் மக்கள் பங்கேற்பு ஆலோசகராக வேலை பார்த்தவர். 1969இல் அவர் எழுதிய ஒரு கட்டுரையில் மக்கள் பங்கேற்பை எட்டுப் படிகள் கொண்ட ஏணியாக வரைந்து காட்டினார். கீழே உள்ள இரண்டு படிகளில் பங்கேற்பே இல்லை. மக்களைக் கூட்டிவைத்து நம் வசதிக்குத் தலையாட்ட வைப்பதும், குறை அவர்களிடம்தான் என்று சொல்லித் திருத்தப் பார்ப்பதும் அந்தப் படிகள். நடுவில் மூன்று: தகவல் சொல்வது, கருத்துக் கேட்பது, குழுவில் இடம் கொடுத்துச் சமாதானப்படுத்துவது. இவை ஒப்புக்கு நடப்பவை என்றார். மேலே உள்ள மூன்று படிகளில்தான் மக்களின் கையில் உண்மையான அதிகாரம் இருக்கிறது என்றார். ஆலோசனைக் குழுவில் இடம் கிடைத்துவிட்டால் போதும் என்று நினைப்பவர்கள் அவர் கணக்குப்படி நடுப்படியில்தான் நிற்கிறார்கள்.

இதையெல்லாம் எளிமைப்படுத்தி ஒரு வகுப்பறைச் செயல்பாடாக மாற்றினேன். நீங்களும் செய்து பார்க்கலாம். ஒன்றரைப் பாடவேளை போதும். பதினைந்து பிள்ளைகளை வட்டமாக உட்கார வைத்தேன். கற்பனையாக ஒரு லட்சம் ரூபாய். நான்கு கோரிக்கைகள்: தனியாக வாழும் முதியோருக்கு மதிய உணவு, வேலைக்குப் போகும் தாய்மாரின் குழந்தைகளுக்குக் காப்பகம், பேருந்து நிறுத்தத்தில் நிழற்குடை, பொது நூலகத்தில் சக்கர நாற்காலி ஏற ஒரு சாய்தளம். முதல் சுற்றில் நன்றாகப் படிக்கும் பதினைந்து பேரை நானே தேர்ந்தெடுத்தேன். ஐந்து நிமிடத்தில் முடித்துவிட்டார்கள். எல்லாவற்றுக்கும் இருபத்தைந்தாயிரம், கணக்குச் சரி!

இரண்டாம் சுற்றில் ஒன்பது பேரை நான் நியமித்தேன். மீதி ஆறு பேரை, இந்த நான்கில் ஏதாவது ஒன்று தங்கள் வீட்டுக்குத் தேவை என்று கை தூக்கிய பிள்ளைகள் தங்களுக்குள் வாக்களித்துத் தேர்ந்தெடுத்தார்கள். கூட்டப் பொருளை மூன்று நாள் முன்பே வகுப்புச் சுவரில் ஒட்டினேன். அன்று நாற்பது நிமிடம் ஆகியும் பேச்சு முடியவில்லை. எப்போதும் வாய் திறக்காத ஒரு பையன், “சாய்தளம் போட்டா பத்தாது, நூலகத்துக்குப் போற வழியில சாக்கடை மூடி இல்ல. எங்க அண்ணனைத் தூக்கித்தான் தாண்டணும்” என்றான். முதல் சுற்றில் இருந்த பதினைந்து பேருக்கும் தெரியாத செய்தி அது. எனக்கும் தெரியாது.

மணி அடிக்கும் நேரத்தில் முதலில் கேள்வி கேட்ட அதே மாணவி மறுபடி எழுந்தாள். “டீச்சர், நம்ம ஸ்கூல்ல இந்த மாதிரி குழு இருக்கா?”

‘பள்ளி மேலாண்மைக் குழு இருக்கிறதே’ என்று பெருமையாகச் சொன்னேன். குழந்தைகளுக்கான இலவச மற்றும் கட்டாயக் கல்விச் சட்டம், 2009, பிரிவு 21. உறுப்பினர்களில் நான்கில் மூன்று பங்கினர் பெற்றோர் அல்லது பாதுகாவலர். பாதிப் பேர் பெண்கள். நலிந்த பிரிவினருக்கு உரிய இடம். பள்ளியின் செயல்பாட்டைக் கண்காணிப்பது, பள்ளி மேம்பாட்டுத் திட்டம் தயாரித்துப் பரிந்துரைப்பது, வரும் மானியம் எப்படிச் செலவாகிறது என்று பார்ப்பது அதன் வேலை என்று அடுக்கினேன். அந்த ஊரில் பதினைந்துக்கு ஆறு; இங்கே நான்குக்கு மூன்று. எவ்வளவு பெரிய வித்தியாசம் பாருங்கள் என்றும் சொன்னேன்.

அவள் சொன்னாள்: “எங்கம்மா அதுல மெம்பர், டீச்சர். போன மாசம் நோட்டைக் கொடுத்துவிட்டீங்கல்ல, நான்தான் வீட்ல கையெழுத்து வாங்கிட்டு வந்தேன்.”

அவள் குற்றம் சொல்லும் தொனியில் சொல்லவில்லை. உதவி செய்த பெருமையில் சொன்னாள். அதனால்தான் எனக்குக் கூடுதலாக வலித்தது. குழுவில் ஆசிரியர் பிரதிநிதி நான். தீர்மானப் பதிவேட்டை எழுதுவதும் நான்தான். அந்த மாதக் கூட்டத்துக்கு நான்கு பேர்தான் வந்திருந்தார்கள். பதிவேடு நிறைய வேண்டுமே என்று பிள்ளைகளிடம் நோட்டைக் கொடுத்து வீட்டுக்கு அனுப்பினேன். மேடைக்குக் கூரை, பெயர்ப்பலகைக்கு வண்ணம் என்று தீர்மானங்கள். ‘ஒருமனதாக’ என்று எழுதியிருந்தேன். யாருடைய மனது அது? ஆர்ன்ஸ்டீனின் ஏணியைக் கரும்பலகையில் வரைந்த கையாலேயே அந்த நோட்டையும் எழுதியிருக்கிறேன்.

அன்று மாலை தலைமையாசிரியரிடம் நடந்ததைச் சொன்னேன். அவர் கோபப்படவில்லை. “எல்லா இடத்திலேயும் நடக்கிறதுதான்” என்று ஆரம்பித்தவர், கொஞ்ச நேரம் சும்மா இருந்துவிட்டு, “சரி, என்ன செய்யலாம்?” என்று கேட்டார். அந்த மாணவியின் அம்மாவை வீட்டில் போய்ப் பார்த்தேன். சித்தாள் வேலைக்குப் போகிறவர். ஏன் கூட்டத்துக்கு வருவதில்லை என்று கேட்டேன். “மத்தியானம் மூணு மணிக்கு வரச் சொல்றீங்க. அரை நாள் கூலி போயிடும் டீச்சர். போனாலும் பரவாயில்லை, அங்க வந்து நான் என்ன பேசணும்னு சொல்லுங்க. எல்லாத்தையும் முன்னாடியே எழுதி வெச்சிருக்கீங்க, அதைப் படிக்கிறீங்க, கையெழுத்துப் போடுறோம்” என்றார்.

பெர்க்லியைப் பற்றிப் பக்கம் பக்கமாகப் படித்ததை அவர் இரண்டு வாக்கியத்தில் சொல்லிவிட்டார்.

அங்கிருக்கும் ஏற்பாட்டை இங்கே அப்படியே கொண்டுவர முடியாது. அது ஒரு நகரம் முழுவதற்குமான குழு; நம்முடையது ஒரு பள்ளிக்கானது. படி கொடுக்க நம் கையில் பணம் இல்லை. முடிந்ததை மட்டும் செய்தோம். கூட்ட நேரத்தை உறுப்பினர்களிடம் கேட்டு, வேலை முடிந்து வரும் நேரமாக மாலை ஆறு மணிக்கு மாற்றினோம். கைக்குழந்தையோடு வருபவர்களுக்காகப் பக்கத்து அறையில் பத்தாம் வகுப்பு ஆசிரியை ஒருவர் இருந்து பார்த்துக்கொண்டார். கூட்டப் பொருளை மூன்று நாள் முன்பே பள்ளி வாசலில் பெரிய எழுத்தில் எழுதி ஒட்டினோம். படிக்கத் தெரியாதவர்களுக்குப் பிள்ளைகள் வீட்டில் படித்துக் காட்டினார்கள். தீர்மானத்தை முன்கூட்டியே எழுதும் வழக்கத்தை நிறுத்தினேன். கூட்டத்தில் பேசியதைக் கேட்டு, அங்கேயே எழுதி, உரக்கப் படித்துக் காட்டிய பிறகுதான் கையெழுத்து. முன்பு நிறைவேற்றிய தீர்மானங்கள் என்னவாயின என்று சொல்வதை ஒவ்வொரு கூட்டத்திலும் முதல் பொருளாக வைத்தோம்.

முதல் கூட்டத்துக்கு ஒன்பது பேர் வந்தார்கள். நீண்ட நேரம் யாரும் பேசவில்லை. பிறகு அந்த அம்மாதான் ஆரம்பித்தார். “எட்டாவது, ஒன்பதாவது படிக்கிற பொண்ணுங்க ஸ்கூல்ல தண்ணியே குடிக்கிறதில்ல. மத்தியானத்துக்கு மேல கழிவறையில தண்ணி வராது. அடக்கிக்கிட்டு வீட்டுக்கு ஓடி வருதுங்க.” இன்னொருவர், “என் பொண்ணு மாசத்துல மூணு நாள் லீவு போடுறதே அதுக்குத்தான்” என்றார். ஆசிரியர் கழிவறைக்குத் தனிக் குழாய் என்பதால் எங்கள் யாருக்கும் இது தெரியாது. அந்தப் பெண் பிள்ளை மாதாமாதம் விடுப்பு எடுப்பதை வருகைப் பதிவேட்டில் சிவப்பு மையில் குறித்தவள் நான். காரணம் கேட்கவில்லை.

மேம்பாட்டுத் திட்டத்தில் முதலிடத்தில் இருந்த மேடைக் கூரை கீழே போனது. தண்ணீர்த் தொட்டி மேலே வந்தது. மறுநாளிலிருந்தே மதிய இடைவேளையில் மோட்டாரை இன்னொரு முறை போட ஏற்பாடு செய்தோம். அதற்கு ஒரு ரூபாய்கூடச் செலவில்லை. பெரிய தொட்டிக்காக உள்ளாட்சிக்கு எழுதியிருக்கிறோம். இன்னும் வரவில்லை. வரவில்லை என்பதையும் ஒவ்வொரு கூட்டத்திலும் முதல் பொருளாகச் சொல்லிக்கொண்டிருக்கிறோம். மேடைக் கூரைக்கு ஆசைப்பட்டவர்களுக்கு வருத்தம்தான். ஆறு மணிக் கூட்டம் என்றால் எங்களில் வெளியூரிலிருந்து வருபவர்களுக்குச் சிரமம், முணுமுணுப்பும் உண்டு. அதனால் முறை வைத்து இருவர் மட்டும் தங்குகிறோம்.

குடிமையியல் பாடத்தை எப்படி நடத்துவது என்றுதானே என்னைப் பேச அழைத்தீர்கள்? எந்த ஊர்க் குழுவைப் பற்றி வேண்டுமானாலும் நடத்துங்கள். யாருக்கு எத்தனை இடம், இடத்துக்கு வர அவர்களுக்கு வழி உண்டா, என்ன பேசுவார்கள் என்று முன்பே தெரிகிறதா, சொன்னதற்குப் பதில் வருகிறதா என்ற நான்கு கேள்விகளைப் பிள்ளைகளிடம் கொடுத்துவிடுங்கள். அதே கேள்விகளோடு அவர்கள் நம் பள்ளியையும் பார்ப்பார்கள். அதற்குத் தயாராக இருங்கள். நான் தயாராக இல்லாமல் மாட்டிக்கொண்டேன்.

இப்போது தீர்மான நோட்டு பள்ளியை விட்டு வெளியே போவதில்லை. போன கூட்டத்தில் ஐந்து பேர்தான் வந்தார்கள். கூட்டம் நடத்தக் குறைந்தபட்ச எண்ணிக்கை இல்லை என்று அப்படியே எழுதி, அடுத்த வாரம் மறுபடி கூட்டினோம். அந்தப் பக்கத்தில் காலி இடம் நிறைய இருக்கிறது. அதைப் பார்க்க எனக்குக் கூச்சமாக இல்லை.